சும்மா இருக்கிற கை

சும்மா இருக்கிற கை எப்படி இருக்கும் என்பது மூன்று மாதமாகியும் ஜெயக்கொடிக்குப் பிடிபடவில்லை. வலது உள்ளங்கைக்குள் ஒரு சீட்டு இருக்கிறது, கிளாவர் ஏழு, பிள்ளைகள் விளையாடுகிற குட்டிச் சீட்டு. சுண்டுவிரல் நுனி ஒரு மூலையையும் கட்டைவிரலுக்குக் கீழே இருக்கிற சதை எதிர்மூலையையும் பிடித்திருக்க, சீட்டு லேசாக வளைந்து கையோடு கையாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் கையை மடியில் கவிழ்த்து வைத்திருக்கிறாள். பார்க்கிறவர்களுக்கு அது வேலையில்லாமல் கிடக்கிற கையாகத் தெரிய வேண்டும். தெரிகிறதா என்று அவளுக்கே சந்தேகம். விரல்கள் கொஞ்சம் கூடுதலாக நெருங்கியிருக்கின்றனவோ, குளிரில் விறைத்துப்போன கை மாதிரி இருக்கிறதோ. மற்றவர்கள் கையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்றால், பெரியாஸ்பத்திரி இரண்டாம் மாடியில், பிள்ளைகள் வளர்ச்சிப் பிரிவுக்கு வெளியே போட்டிருக்கிற இந்த நீள பெஞ்சில், காலை பத்தரை மணிக்கு ஒருத்தி கையும் சும்மா இல்லை. ஒரு கை பிள்ளையின் கடைவாயைத் துடைக்கிறது. ஒரு கை பிள்ளையின் தலைக்கும் சுவருக்கும் நடுவில் நிற்கிறது, அந்தப் பிள்ளை முட்ட முட்ட அந்தக் கைதான் அடி வாங்குகிறது. பக்கத்தில் இருக்கிற சகாயராணி அக்காவின் கை அவளுடைய ஒன்பது வயது மகளின் முழங்காலை நீவிக்கொண்டே இருக்கிறது, பேச்சு ஒரு பக்கம் போகிறது, கை ஒரு பக்கம் நீவுகிறது. தன் கை மட்டும் சும்மா கிடந்தால் அதுவே வித்தியாசமாகத் தெரியாதா. இந்தப் பக்கம் நிதர்சனா, நாலு வயது முடிந்து இரண்டு மாதம், பெஞ்சில் திருகாணி கழன்ற ஓட்டைக்குள் விரலை விடுகிறாள், எடுக்கிறாள், விடுகிறாள். டோக்கன் முப்பத்தொன்று. உள்ளே பதினெட்டு நடக்கிறது.

இன்றைக்கு எழுதிவிடுவார்கள். போன தடவையே எழுதியிருக்க வேண்டியது, உள்ளே பிள்ளைகளைச் சோதித்துப் பார்க்கிற மேடம்தான், "மத்ததெல்லாம் அரையும் குறையுமா இருக்கும்மா, இந்த ஒண்ணு மட்டும் தெளிவாத் தெரியல, அடுத்த தடவை இதப் பாத்துட்டு முடிவா எழுதிருவோம்" என்று சொல்லி அனுப்பினாள். அந்த ஒன்று என்னவென்றால், மேடம் பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்து சுவரில் ஒட்டியிருக்கிற கிளிப் படத்தைக் கையை நீட்டிக் காட்டி, அங்க பாரு என்பாள், பிள்ளை படத்தைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். நிதர்சனா படத்தைப் பார்க்கவில்லை. மேடத்தின் முகத்தையும் பார்க்கவில்லை. நீட்டிய விரலைப் பார்த்தாள், நகத்தில் பூசியிருந்த சாயத்தைப் பார்த்தாள், எழுந்து போய் அந்த விரலைத் தொட்டாள். "காட்டுற எடத்தப் பாக்கல, காட்டுற கையத்தான் பாக்குறா" என்று மேடம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டே எழுதினாள். குறை இருக்கிற பிள்ளை என்று எழுதிவிட்டால் சர்டிபிகேட் வரும். வந்தால் நிதர்சனா போய்விடுவாள். நாத்தனார் சண்முகக்கனி எல்லாம் விசாரித்து வைத்திருக்கிறாள், மலையடிவாரத்தில் இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கென்று ஒரு இல்லம், இங்கேயிருந்து ஐந்து மணி நேரம், சர்டிபிகேட் இருந்தால்தான் சேர்ப்பார்கள், மாதத்துக்கு ஒருதரம் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். புருஷன் பொன்ராஜ் அதைச் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார், தட்டைப் பார்த்துக்கொண்டே. "எழுதிட்டாகன்னா நாம என்ன செய்ய, அக்கா சொல்ற எடத்துல சேத்துருவோம். எழுதலைன்னா வீட்லயே கெடக்கட்டும், நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்." மோசமான ஆள் இல்லை. லோடு வண்டி ஓட்டிவிட்டு வந்தாலும் பிள்ளைக்குத் தேன்மிட்டாய் வாங்காமல் வரமாட்டார். ஆனால் அந்தக் கெடக்கட்டும் அவளுக்குள் எங்கேயோ மாட்டிக்கொண்டது, மீன்முள் மாதிரி, எச்சில் விழுங்கும்போதெல்லாம் தெரிகிறது. நாத்தனார் சொன்னது அதைவிட. "நீ ஏன் அழுற, அதுக்கு என்ன தெரியப் போகுது, யாரு அம்மா யாரு ஆயான்னு." தெரியாதுதானோ. தெரியும் என்று எதை வைத்துச் சொல்வது. பேசுகிற பிள்ளை என்றால் அம்மா என்று சொல்லும். பார்க்கிற பிள்ளை என்றால் முகத்தைப் பார்க்கும். அம்மாவின் முகத்தை எத்தனை தடவை பார்த்திருக்கிறாள் என்று எண்ணிப் பார்த்தால், எண்ணக் கூடாது, எண்ண ஆரம்பித்தால் நிற்காது.

"பத்தொம்பது" என்று வாசலில் நிற்கிற ஆயாம்மா கத்தினாள். ஒரு அப்பா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். மூன்று மாதத்துக்கு முன்னால் செல்போன் வீடியோவில் வந்த ஒரு ஆள்தான் கையைப் பற்றி முதலில் சொன்னான். அவளாகத் தேடிப் போகவில்லை, சேலை வீடியோ ஒன்று முடிந்ததும் தானாக வந்தான், கறுப்புச் சட்டை போட்ட ஒரு சின்னப் பையன், முன்னால் ஒரு மேஜை. ஒரு சீட்டை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினான், இடது கையைப் பார்த்தான், ஊதினான், விரித்தான், இல்லை. பிறகு அதையே மெதுவாகச் செய்து காட்டினான். சீட்டு இடது கைக்குப் போகவே இல்லை, வலது கையிலேயே இருந்தது. "ஒளிச்சு வச்சிருக்கிற கைய நீங்க பாக்காதீங்க. காலியா இருக்கிற கையப் பாருங்க. நீங்க எங்க பாக்குறீங்களோ அங்கதான் எதிர்ல இருக்கிறவங்களும் பாப்பாங்க, மனுஷனாப் பொறந்தவங்க யாரும் இதுக்குத் தப்ப முடியாது" என்றான். மனுஷனாகப் பிறந்தவர்கள் யாரும். அன்றைக்கு அடுப்பில் பால் பொங்கி வழிந்தது அவளுக்குத் தெரியவில்லை. மேடம் கேட்கிறதும் இதைத்தானே. ஒருத்தர் பார்க்கிற இடத்தைப் பிள்ளையும் பார்க்க வேண்டும். அப்படியென்றால் இந்த வித்தையை நான் கற்றுக்கொண்டு தினமும் செய்து காட்டினால், காட்டிக்கொண்டே இருந்தால், ஒருநாள், ஒரே ஒரு நாள், நான் பார்க்கிற காலிக் கையை அவளும் பார்த்து ஏமாந்துவிட்டால் போதும். பெற்றவள் எவளாவது தன் பிள்ளை ஏமாற வேண்டும் என்று மாரியம்மனிடம் வேண்டிக்கொள்வாளா. ஜெயக்கொடி வேண்டிக்கொண்டாள். ஏமாறட்டும் தாயே, ஊர்ப்பிள்ளைகள் எல்லாம் ஏமாறுகிற மாதிரி என் பிள்ளையும் ஏமாறட்டும்.

சீட்டுக்குப் பஞ்சமில்லை. வீடு முழுக்கச் சீட்டுதான். பக்கத்து அச்சாபீசில் அச்சடித்து வெட்டின குட்டிச் சீட்டுகள் ஐம்பத்திரண்டு அடுக்காக வீட்டுக்கு வரும், அவள் நடுவில் உட்கார்ந்து ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் ஒன்று ஒன்றாக எடுத்துக் கட்டு சேர்த்து, பெட்டியில் போட்டு, ஒட்ட வேண்டும். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே, எட்டு வருஷமாக. ஒரு சீட்டும் குறையக் கூடாது, ஒரு சீட்டும் கூடக் கூடாது. எட்டு வருஷமாக ஒரு சீட்டும் காணாமல் போகாமல் பார்த்துக்கொண்ட கைக்கு, இப்போது ஒரே ஒரு சீட்டைக் காணாமல் போக்கத் தெரியவில்லை. பீரோக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பார்த்தாள். சீட்டின் மூலை சதையில் குத்திக் குத்தித் தழும்பாகிவிட்டது. உள்ளங்கையில் சீட்டோடு வீடு கூட்டினாள், சீட்டோடு ரேஷன் கடை வரிசையில் நின்றாள், ரசீதை இடது கையால் வாங்கினாள். எல்லாம் ஒரு மாதிரி படிந்து வந்தது, ஒன்று மட்டும் வரவில்லை. சீட்டுக்கட்டைக் கையில் எடுத்தால் போதும், கை தானாக அதை நிமிர்த்தித் தரையில் இரண்டு தட்டு தட்டி விளிம்பை நேராக்கிவிடும். தொழில் பழக்கம். பெட்டியில் போடுவதற்கு முன்னால் எல்லாப் பொம்பளைகளும் தட்டுவார்கள், எந்த வீட்டில் சீட்டு வேலை நடக்கிறது என்று தெருவில் போகிறவர்களுக்கு அந்தச் சத்தத்திலேயே தெரியும். தட்டுகிற அந்த நேரத்தில் உள்ளங்கை விரிந்து, ஒளித்த சீட்டு பொத்தென்று விழும். தட்டாதே தட்டாதே என்று சொல்லிச் சொல்லி, தட்டாமல் இருக்க ஒரு மாதம் ஆயிற்று. அதைவிடக் கஷ்டம் கண்ணை நிமிர்த்துவது. ஆறாம் வகுப்போடு நின்றவள், யார் முகத்தையும் பார்த்துப் பேசிப் பழகாதவள், பெண் பார்க்க வந்தபோதுகூட அவள் பார்த்தது ஏழு காப்பி டம்ளர்களைத்தான், அதில் எது பொன்ராஜ் எடுத்த டம்ளர் என்று பிறகு அம்மா சொல்லித்தான் தெரியும். வித்தைக்கோ கண்ணை நிமிர்த்தியாக வேண்டும். முதலில் எதிரே இருக்கிறவர் முகத்தைப் பார்த்து, பிறகு அந்த முகத்தை இழுத்துக்கொண்டு காலிக் கைக்குப் போக வேண்டும். அடுத்த வீட்டு ரோஸ்லினிடம்தான் முதன்முதலில் செய்து பார்த்தாள். மூன்று வருஷம் பக்கத்திலேயே இருக்கிறவள், ரோஸ்லினின் இடது கண் கொஞ்சம் பூனைக்கண் என்பது அன்றைக்குத்தான் ஜெயக்கொடிக்குத் தெரிந்தது. ரோஸ்லின் ஏமாந்தாள். "அடி ஊமக்குசும்பி, எங்கடி போச்சு" என்று சேலை முந்தானையை எல்லாம் உதறிப் பார்த்தாள். உடம்பெல்லாம் வெட்கமாக இருந்தது. நன்றாகவும் இருந்தது. அந்த நன்றாக இருந்ததற்கு ராத்திரி எல்லாம் தன்னைத் திட்டிக்கொண்டாள்.

முகத்தைப் பார்க்காத பழக்கம் பிள்ளைக்கு என்னிடமிருந்துதான் போனதோ. அங்கே போய் நின்றால் அதற்குப் பிறகு அந்த இடத்திலிருந்து நினைப்பு நகராது. கட்டு சேர்க்கும்போது பேசக் கூடாது, பேசினால் எண்ணிக்கை போய்விடும், ராணி இரண்டாக விழும், ஏழு இல்லாமல் போகும், கட்டு திரும்பி வரும். தொட்டிலைக் காலால் ஆட்டிக்கொண்டே, வாயை மூடிக்கொண்டு, ஒன்றிலிருந்து ஐம்பத்திரண்டு வரைக்கும் மனசுக்குள் எண்ணுவாள், மறுபடியும் ஒன்று. தொட்டிலுக்குள்ளிருந்து பிள்ளை சேலையை விலக்கிப் பார்த்துக்கொண்டிருக்கும். என்னத்தைப் பார்த்திருக்கும். குனிந்திருக்கிற தலையையா, வகிட்டையா. கையைத்தான். அடுக்கிலிருந்து அடுக்குக்குப் போய்க்கொண்டே இருந்த கையை. பிள்ளை அழாமல் பார்த்துக்கொண்டிருக்கிறதே, எவ்வளவு நல்ல பிள்ளை, வேலை செய்ய விடுகிறதே என்று சந்தோஷப்பட்டாள். இரண்டு வருஷம் அப்படிச் சந்தோஷப்பட்டாள். மேடத்திடம் ஒருதரம் தலையைக் குனிந்துகொண்டே, நான் பேசாததுனாலயா மேடம் என்று கேட்டுவிட்டாள். "அப்படியெல்லாம் இல்லம்மா, அதுனால இது வராது, ஒங்க மேல ஒண்ணும் தப்பில்ல" என்றாள் மேடம், எழுதிக்கொண்டே. எழுதிக்கொண்டே சொன்னதை எப்படி நம்புவது. நிமிர்ந்து பார்த்துச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பாளோ என்னவோ. ஒன்று, இரண்டு, மூன்று என்று உள்ளே ஓடின அந்த எண்களை எல்லாம் வாய்விட்டு எண்ணியிருந்தாலாவது, பிள்ளைக்கு எண்களாவது காதில் விழுந்திருக்கும். இருபத்தி மூணு, ஆயாம்மா கத்துகிறாள்.

"என்னடி, வித்தைக்காரி, இன்னைக்கு ஒண்ணையும் காட்டாம உக்காந்திருக்க" என்று சகாயராணி அக்கா தோளால் இடித்தாள். போன வாரம் இதே பெஞ்சில் கைக்குள் சீட்டு இருந்ததைப் பார்த்துவிட்டாள், அதிலிருந்து இதுதான் பேர். "காட்டுடி. எம்மக சிரிச்சு ரெண்டு நாளாச்சு. நானும் சிரிச்சு ரெண்டு நாளாச்சு, என்னையக் கேக்கத்தான் ஆளில்ல." அக்காவுக்கு இல்லை என்று சொல்ல முடியாது. ஜெயக்கொடி மடியிலிருந்து கையை எடுத்தாள், கிளாவர் ஏழை விரல் நுனிக்குக் கொண்டுவந்து எல்லோருக்கும் தெரிகிற மாதிரிப் பிடித்தாள். பெஞ்சிலும் தரையிலும் இருந்த பிள்ளைகளில் நாலைந்து பேர் திரும்பினார்கள். கண்ணை நிமிர்த்தினாள். சகாயராணி அக்காவின் மகளைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே சீட்டை இடது கைக்கு மாற்றினாள், மாற்றவில்லை, இடது கையை மூடி அதையே பார்த்தாள். எல்லாப் பிள்ளைகளும் அதையே பார்த்தார்கள். கழுத்து நிற்காத பிள்ளை பார்த்தது, தலையை முட்டுகிற பிள்ளை முட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தது. ஊதினாள், விரித்தாள். அக்காவின் மகள் வாயைத் திறந்து, சத்தம் வராமல், உடம்பெல்லாம் குலுங்கச் சிரித்தாள். "பாத்தியா, இவ ஏமாந்துட்டா, இவளுக்குப் புத்தி இருக்கு" என்றாள் அக்கா, சொல்லிவிட்டு, நிதர்சனா பக்கம் பார்த்தவள் உடனே வேறு பக்கம் பார்த்தாள். நிதர்சனா திருகாணி ஓட்டையை விட்டுவிட்டு வலது கைக்கு வந்திருந்தாள். கோபமும் இல்லை, ஆசையும் இல்லை. சாவி போட்டுப் பெட்டியைத் திறக்கிற மாதிரி, சுண்டுவிரலை முதலில் பிரித்தாள், பிறகு மோதிரவிரலை. சீட்டை எடுத்தாள். முன்னும் பின்னும் பார்த்தாள். அம்மாவின் மடியில், நேராக, சேலைக்கரைக்கு ஒட்டினாற்போல் வைத்தாள். அவ்வளவுதான், மறுபடியும் ஓட்டைக்குப் போய்விட்டாள். இப்படி எத்தனை நூறு தடவை. ஒரு தடவைகூட அவள் அந்தக் காலிக் கையைப் பார்த்ததில்லை. ஊதுகிற வாயைப் பார்த்ததில்லை. சீட்டு எங்கே இருக்கிறதோ அங்கே இருக்கும் அவள் கண். "வுடு, ஒம்மக போலீஸ் வேலைக்குப் போவா" என்றாள் சகாயராணி அக்கா மெதுவாக. ஜெயக்கொடி சீட்டை எடுத்து மறுபடியும் உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டாள். வேறு எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

இருபத்தி ஆறு. அந்த இல்லத்தில் காலையில் எல்லோரையும் வரிசையாக உட்காரவைத்துச் சோறு போடுவார்களாம், நாத்தனார் சொன்னாள், வரிசையா உக்காந்து சாப்பிடுறது பாக்கவே அழகா இருக்கு. குழம்பு ஊற்றின சோற்றை நிதர்சனா தொட மாட்டாள். சோறு தனியாக, குழம்பு தனியாக, நடுவில் ஒரு விரல் இடம் விட வேண்டும், அந்த ஒரு விரலை யார் விடுவார்கள். தண்ணீர் வேண்டுமென்றால் கேட்க மாட்டாள். கேட்க மாட்டாள் என்பதும் இப்போது பாதிப் பொய், பதினொரு செவ்வாய்க்கிழமைகளாக இதே ஆஸ்பத்திரி வகுப்பில் பிரேமா டீச்சர் கையைப் பிடித்துக் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்து, இப்போது டம்ளரை எடுத்து நீட்டுகிறாள். நீட்டுவாள், முகத்தைப் பார்க்காமல் சும்மா காற்றில் நீட்டுவாள். அங்கே யாராவது அந்தக் காற்றைப் பார்த்துக்கொண்டு நிற்பார்களா. நீட்டின டம்ளரோடு எவ்வளவு நேரம் நிற்பாள். கை வலித்தால் இறக்கிவிடுவாள், அழ மாட்டாள், அழாத பிள்ளை நல்ல பிள்ளை, அங்கேயும் சொல்வார்கள் நல்ல பிள்ளை தொந்தரவே இல்லை என்று. பிறகு நீட்டுவதையும் மறந்துவிடுவாள். மாதத்துக்கு ஒருதரம் இவள் பஸ் ஏறிப் போய் நிற்பாள், அந்தப் பிள்ளை இவள் கையைப் பார்க்கும். முகத்தை மறப்பதற்கு முதலில் தெரிந்திருக்க வேண்டுமே. கையை மறக்குமா. கை மாறிவிட்டால். வேறு ஒரு ஆயாவின் கை, சோப்பு வாசம், மோதிரம் போட்ட கை. சிறுநீர் முட்டியது, போனால் நம்பர் கூப்பிட்டுவிடுவார்களோ என்று அடக்கிக்கொண்டாள். இருபத்தி எட்டு. இருபத்தி ஒன்பது வரவில்லை போல, முப்பதும் இல்லை. "முப்பத்தொண்ணு, முப்பத்தொண்ணு யாரும்மா, தூங்குறீங்களா" என்று ஆயாம்மா இங்கேயே வந்து நிற்கிறாள். பை, நோட்டு, பிள்ளையின் செருப்பு, எல்லாவற்றையும் இடது கையால் அள்ளிக்கொண்டு ஓடினாள்.

சின்ன அறை. நடுவில் பாய், மேடம் பாயில் உட்கார்ந்து நிதர்சனாவை எதிரே உட்காரவைத்துக்கொண்டாள். "அம்மா அந்த நாற்காலில உக்காருங்க. ஒண்ணும் பேசக் கூடாது, சைகை காட்டக் கூடாது." நாற்காலி படங்கள் ஒட்டின சுவரை ஒட்டிக் கிடந்தது, தலைக்கு மேலே கிளி, அதற்குப் பக்கத்தில் பஸ், அதற்கு மேலே வாழைப்பழம். மேடம் கழுத்தைத் திருப்பினால்தான் இவளைப் பார்க்க முடியும். உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, சீட்டு இன்னும் கைக்குள்ளேயே இருக்கிறது. எடுத்துப் பையில் போட்டால் அசைவு தெரியும். அப்படியே மடியில் கவிழ்த்துக்கொண்டாள். மேடம் கையை நீட்டி, "நிதர்சனா, அங்க பாரு, கிளி" என்றாள். நிதர்சனா விரலைப் பார்த்தாள். இன்றைக்கு நகச்சாயம் இல்லை. அதனால் விட்டுவிட்டாளோ என்னவோ. ஜெயக்கொடியின் கை வியர்த்திருந்தது, சுண்டுவிரல் வழுக்கியது, சீட்டு விழப் போகிறது என்று பிடியை மாற்றினாள். நிதர்சனாவின் தலை திரும்பியது. "அட" என்றாள் மேடம். என்ன அட என்று ஒரு நொடி இவளுக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. தலைக்கு மேலே கிளி. மேடம் பார்த்துக்கொண்டிருந்தது பிள்ளையின் முகத்தை, முகம் சுவர்ப் பக்கம் திரும்பியதை. தாளில் பேனா கிறுக்குகிற சத்தம். சொல்லிவிட வேண்டும், மேடம் அவ என் கையப் பாத்தா என்று சொல்லிவிட வேண்டும், பேசக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்களே. "இன்னொருக்கா பாப்போம். நிதர்சனா, பஸ் பாரு, பஸ் எங்க." கை நீண்டது. இந்தத் தடவை சீட்டு வழுக்கவில்லை. ஜெயக்கொடிதான் சுண்டுவிரலைப் பிரித்தாள், ஒரு நெல் அளவு. அந்த நெல் அளவு போதும் நிதர்சனாவுக்கு. திரும்பினாள். பேனாச் சத்தம். வீட்லயே கெடக்கட்டும், கெடக்கட்டும், ஒரு விரல் இடம் விட்டுச் சோறு போடுகிறேன், கெடக்கட்டும். மூன்றாவது, வாழைப்பழம். சுண்டுவிரல். திரும்பினாள், ஆனால் மேடத்துக்கு ஏதோ பட்டுவிட்டது, மூன்றாவது தடவை பிள்ளையின் கண் கொஞ்சம் கீழே போயிருக்க வேண்டும், அவளும் கழுத்தைத் திருப்பி நேராக இவளைப் பார்த்தாள், முகத்திலிருந்து இறங்கி மடிக்கு, மடியில் இருக்கிற கைக்கு வரப் போகிறாள். எட்டு வருஷமும் மூன்று மாதமும் அந்த ஒரு நொடிக்குள் வந்து நின்றது. ஜெயக்கொடி கண்ணை நிமிர்த்தினாள். படித்த அந்தப் பெண்ணின் முகத்தை நேராகப் பார்த்தாள், இரண்டு புருவத்துக்கும் நடுவில் இருந்த சின்ன மச்சத்தை இப்போதுதான் பார்த்தாள், பார்த்து, அங்கிருந்து மெதுவாகத் தலையைத் தூக்கி, ஆச்சரியப்படுகிற மாதிரி, மேலே இருக்கிற வாழைப்பழத்தைப் பார்த்தாள். மேடமும் வாழைப்பழத்தைப் பார்த்தாள்.

"நல்ல முன்னேற்றம்மா" என்றாள் மேடம். அவளுக்கு உண்மையிலேயே சந்தோஷம், இவள் தோளில் தட்டினாள். "போன ரெண்டு தடவையும் இது சுத்தமா இல்ல. இன்னைக்கு மூணுக்கு மூணு. இப்ப சர்டிபிகேட்டெல்லாம் வேண்டாம், பேச்சுதான் பிந்துது, அங்கன்வாடிக்கு அனுப்புங்க, பிள்ளைகளோட பழகட்டும், ஒரு வருஷம் கழிச்சுக் கூட்டிட்டு வாங்க." ஜெயக்கொடி தலையை ஆட்டினாள். எழுந்தாள். மேடம் இன்னொரு நோட்டை எடுத்து, ஸ்கேல் வைத்து ஒரு பெயரை அடித்துக்கொண்டே, "செவ்வாய்க்கிழமை வகுப்புக்கு இனி வர வேண்டாம்மா, நாப்பது பிள்ளைங்க காத்துக்கிட்டு இருக்குதுங்க, இந்த எடத்த வேற பிள்ளைக்குக் குடுத்துரலாம்" என்றாள். இவள் நின்றாள். என்ன என்று மேடம் நிமிர்ந்தாள். "டம்ளர்" என்றாள் ஜெயக்கொடி. "என்னம்மா?" "ஒண்ணுமில்ல மேடம்." வாசலில் ஆயாம்மா முப்பத்திரண்டு என்று கத்திவிட்டாள், ஒருத்தி பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்துவிட்டாள், வழியை விடச் சொல்லி அந்தப் பிள்ளையின் கால் இவள் விலாவில் இடித்தது.

வெளியே சகாயராணி அக்கா மகளைத் தூக்கிக்கொண்டு எழுந்தே வந்துவிட்டாள். "என்னடி எழுதுனாக?" எழுதல என்றாள். அக்கா இவள் தலையில் கையை வைத்தாள், "சேசுவே, நல்லா இரு, நீயாச்சும் தப்பிச்ச" என்றாள், சொன்னவளுக்குக் கண் கலங்கியது, துடைக்கக் கை இல்லை. செல்போன் அடித்தது. வண்டியிலிருந்து பொன்ராஜ், பின்னால் ஹாரன் சத்தம். "என்ன சொன்னாக?" "எழுதல." "அப்ப சரி, வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துரு, அக்காகிட்ட நான் சொல்லிக்கிடுதேன்" என்றார், குரல் ஒரு மாதிரி இளகியிருந்தது. அவருக்கும் பயம் இருந்திருக்கிறது. வீட்டுக்குக் கூட்டிப் போகலாம். இதைத்தானே கேட்டாள். இப்போதுகூடத் திரும்பிப் போகலாம், கதவைத் தட்டினால் திறப்பார்கள், மேடம் நான் ஏமாத்திட்டேன் என்று சொன்னால் பெயரைத் திரும்ப எழுதுவார்கள், அந்தச் செவ்வாய்க்கிழமையைத் திரும்பத் தருவார்கள், தந்துவிட்டு அந்த இன்னொரு தாளையும் எழுதுவார்கள். சாய்தளத்தில் இறங்கினாள். ஒரு வருஷம். ஒரு வருஷத்தில் யார் சொல்லித்தருவார்கள், நான் சொல்லித்தருகிறேன், எனக்கு என்ன தெரியும், ஒளிக்கத் தெரியும். உள்ளே அத்தனை பெரிய படிப்பு படித்தவள் பார்க்கவில்லை. சகாயராணி அக்கா பார்க்கவில்லை. பொன்ராஜுக்கு ஒருநாளும் தெரியப் போவதில்லை. சாய்தளம் வளைந்து வளைந்து இறங்கியது, நிதர்சனா கைப்பிடிக் கம்பியில் விரலை உரசிக்கொண்டே முன்னால் நடந்தாள், ஒரு தடவையும் திரும்பிப் பார்க்கவில்லை. நடந்ததைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான், மூன்று தடவையும் பார்த்தாள். அவள் யாரிடமும் சொல்ல மாட்டாள்.